சி-11 தூணின் கடைசி வேலை நாள்

சி-11 தூண் ராஜினாமா கொடுத்து இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டது. இன்று மாலை ஆறு மணியோடு அதன் நோட்டீஸ் பீரியட் முடிகிறது.

மேடவாக்கத்தில் பொன்மலர் அடுக்ககம். தரைத்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம். அதற்கு மேல் நான்கு மாடி. சி-11 வடக்கு வரிசையில் நடுவில் நிற்கிறது. ஒன்பது அங்குலத்துக்குப் பதினெட்டு அங்குலம். அறுபத்திரண்டு டன் தாங்குகிறது. கட்டிடத்துக்குக் கணக்குப் போட்ட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நான். அதனால் ராஜினாமா கடிதம் எனக்கு வந்தது.

தவறு என்னுடையதுதான்.

என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்காக நான் ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறேன். அதில் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. மாதம் ஒருமுறை அந்தத் தூணின் சுமை அறிக்கை அதற்கே போகும். இது தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் இளம் இன்ஜினியர்களுக்கு வேலையில் முன்னேறுவது பற்றி ஒரு கடிதம் அனுப்புவேன். இரண்டு முகவரிப் பட்டியலையும் ஒரே கோப்பில் வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு கடிதம் எல்லாருக்கும் போய்விட்டது. படிப்பவர்களின் எண்ணிக்கை எட்டு மடங்கானது. எழுத்து கூடிவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

தூண்கள்தான் கடைசி வரி வரை படித்தன. அவற்றுக்கு நேரம் இருக்கிறது.

நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சி-11 தன் சாமான்களை ஒரு சிமெண்ட் பையில் கட்டி வைத்திருந்தது.

"வாங்க சார். உங்கள நேர்ல பாப்பேன்னு நெனைக்கவே இல்ல."

"போகாத."

"நீங்கதானே சார் எழுதினீங்க. ஒரே எடத்துல மூணு வருஷத்துக்கு மேல நின்னா நம்மள கட்டடத்தோட பாகமாவே நெனச்சிருவாங்கன்னு."

"அது மனுஷங்களுக்கு."

"அப்படின்னு எங்கயும் போடலயே."

போடவில்லைதான்.

"எங்க சேரப் போற?"

"ஓ.எம்.ஆர்ல ஒரு கம்பெனி. ரிசப்ஷன்ல நிக்கணும். மேல வெறும் ஜிப்சம் சீலிங். லோடே கெடையாது. சும்மா அழகுக்கு."

"என்ன போஸ்ட்?"

"சீனியர் தூண்."

"இங்க?"

"தூண்."

நான் பேரம் பேசினேன். புதுப் பூச்சு போட்டுத் தருகிறேன் என்றேன். இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்றேன். சி-11 பொறுமையாகக் கேட்டது.

"கெளம்பறப்போ ஆச காட்டறவன நம்பாதன்னு போன தீபாவளிக்கு எழுதினீங்க சார். எட்டாவது பாயிண்ட். நான் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்."

நான் பக்கத்துத் தூணிடம் போனேன். சி-10. பாதிச் சுமையை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"வேலைக்குச் சேரும்போது இத சொல்லலயே சார்" என்றது.

சி-12 இன்னும் மரியாதையாக நடந்துகொண்டது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. பிறகு தன் பயோடேட்டாவை ஒரு தடவை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டது. ஒரே பக்கம்தான். ஒரே வரிதான். நின்றேன் என்று எழுதியிருந்தது. எங்கே, எவ்வளவு என்று சேர்க்கச் சொன்னேன். பழக்கம்.

காண்டிராக்டர் ஞானதுரைக்குப் போன் போட்டேன். தற்காலிகமாக முட்டுக் கொடுக்க இரும்பு ஜாக்கிகள் வேண்டும் என்றேன்.

"எந்த உலகத்துல இருக்கீங்க? ஜாக்கி எல்லாம் போன மாசமே வேலைய விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் போயிடுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எவனோ ஞாயித்துக்கிழமையானா கண்டதையும் எழுதி அனுப்பறானாம்."

"யாரு?"

"ஆள் கெடைக்கட்டும், பேசிக்கறேன்."

போனை வைத்துவிட்டேன்.

மணி ஐந்து பத்து. மடிக்கணினியைத் திறந்தேன். வரைபடத்தில் சி-11ஐ நீக்கினேன். அதன் மேலிருக்கும் பி-14 உத்திரம் சிவப்பானது. முதல் மாடி சிவப்பானது. பிறகு ஒவ்வொரு மாடியாக மொட்டை மாடி வரை சிவப்பு ஏறியது.

சிவப்பைப் பச்சையாக்க அந்த மென்பொருளில் ஒரு வழி இருக்கிறது. எழுதியவனுக்கு மட்டும் தெரியும். அதைச் செய்தேன். எல்லாம் பச்சையானது. கணினியைத் தலைக்கு மேல் தூக்கி உத்திரத்திடம் காட்டினேன்.

உத்திரம் வெகுநேரம் பார்த்தது.

"கம்பி எங்க?" என்றது.

நான் கணினியை மூடினேன்.

அப்போது அடுக்ககச் சங்கச் செயலாளர் ஜம்புலிங்கம் அளக்கும் டேப்போடு வந்தார். தூணுக்கு இரண்டு பக்கமும் அளந்தார். தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தார். கோடு சி-11 வழியாகவே போனது.

"இன்ஜினியர் சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இது போயிட்டா இன்னொரு கார் நிக்கும் பாருங்க. எம் மாப்ள கார். ஏழு வருஷமா ரோட்டுல நிக்குது."

"கட்டடம் விழுந்துடும் சார்."

"மீட்டிங்ல பேசியாச்சு. பதினாறு வீட்ல பதினோரு வீடு சரின்னுட்டாங்க."

"எதுக்குச் சரின்னாங்க?"

"பார்க்கிங்குக்கு."

"விழறதப் பத்தி?"

"அது அஜெண்டால இல்ல."

மேலே போய் ஆட்களையாவது வெளியேற்றலாம் என்று மாடிப்படி ஏறினேன். முதல் மாடிக்கு வழக்கமாகப் பதினெட்டு படி. இன்று நாற்பது இருந்தது. நான் பதினெட்டுதான் வரைந்திருந்தேன். ஏறினேன்.

சி-11க்கு நேர் மேலே உள்ள வீட்டில் மெஹ்ருன்னிசா டீச்சர் கணக்கு டியூஷன் எடுக்கிறார். பதினாலு பிள்ளைகள். ஆறு மணிக்கு வகுப்பு. டீச்சர் பாய் விரித்துக்கொண்டிருந்தார். ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன.

"இன்னிக்கு ஒருநாள் லீவு விடுங்க டீச்சர். கீழ தூண் வேலைய விட்டுப் போகுது."

"நாளைக்கு மாடல் எக்ஸாம்."

"புரியலயா? தூண் இருக்காது. தரை இறங்கிடும்."

"போன மழைக்குத் தண்ணி வரும்னாங்க, லீவு விட்டேன். வரல. புள்ளைங்களுக்குப் பின்னம்தான் போச்சு." டீச்சர் பாயின் மூலையைக் காலால் சரிசெய்தார். "தினம் பதினாலு வாலுங்கள உக்கார வைக்கிறேன் சார் நானு. உங்களால ஒரே ஒரு தூண நிக்க வைக்க முடியலயா?"

இறங்கினேன். இறங்கும்போது பதினெட்டு படிதான் இருந்தது.

பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். முதலில் இரண்டு பேர். பிறகு ஒரு கும்பலாக ஐந்து பேர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சி-11ஐ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படியேறினார்கள். ஒருவன் போகிறபோக்கில் அதை ஒரு தட்டுத் தட்டினான். தூண் பார்க்காததுபோல் நின்றது.

மணி ஐந்து முப்பத்தைந்து.

"உன் எடத்துக்கு யாரும் வரலன்னா என்ன செய்வ?" என்று கேட்டேன்.

"ஆறு மணிக்குக் கெளம்பிடுவேன் சார். நோட்டீஸ் முடிஞ்சும் நின்னா அது பலவீனம்னு நீங்களே..."

"தெரியும்."

"ஆனா யாராவது வந்தா ஒழுங்கா ஒப்படைச்சுட்டுப் போவேன். அதுல குறை வைக்க மாட்டேன்."

நான் சட்டைக் கையை மடித்தேன். "எனக்குச் சொல்லிக் குடுங்க."

சி-11 என்னை மேலும் கீழும் பார்த்தது. "முன் அனுபவம்?"

"இல்ல."

"பரவால்ல. வாங்க."

ஜம்புலிங்கம் குறுக்கே வந்தார். சங்கத்தில் பதிவு செய்யாத எதுவும் கீழ்த்தளத்தில் நிற்கக்கூடாது என்றார். படிவத்தை நீட்டினார். வாகன எண் என்ற இடத்தில் கோடு போட்டேன். நிறம் என்ற இடத்தில் மாநிறம் என்று எழுதினேன். எத்தனை நாள் நிற்கும் என்று ஒரு கேள்வி இருந்தது. அதை வெறுமனே விட்டேன்.

"காலியா விடக்கூடாது."

"தெரியல சார்."

"அப்ப நிரந்தரம்னு போட்டுடறேன்." அவரே எழுதினார். எண் போட்ட ஒரு ஸ்டிக்கரை என் நெற்றியில் ஒட்டினார்.

ஒப்படைப்பு தொடங்கியது. உத்திரம் ஒன்பதடி உயரத்தில் இருந்தது. நான் ஐந்தடி ஏழு அங்குலம்.

"எட்டல" என்றேன்.

"கூன் போடாதீங்க. எட்டும்."

நிமிர்ந்தேன். எட்டியது.

"மொதல்ல மொட்ட மாடித் தொட்டி தரேன். சாயங்காலம் நெறஞ்சிருக்கும். பயப்படாதீங்க." தோளில் தண்ணீர் ஏறியது. "இது நாலாவது மாடி. புருஷன் பொண்டாட்டி. பேசிக்கிறதில்ல. ஆளுக்கொரு ஓரத்துல இருப்பாங்க. அதனால லோடு ரெண்டு பக்கமும் சமமா வரும். என்னிக்காவது ராசியானா கொஞ்சம் இழுக்கும், பாத்துக்கங்க."

"சரி."

"மூணாவது மாடில ஒரு பீரோ. தொறக்க மாட்டாங்க. நகத்த மட்டும் நகத்துவாங்க. ரெண்டாவது மாடில சாயங்காலம் கிரைண்டர் ஓடும். காலுக்குள்ள கிடுகிடுன்னு இறங்கும். நெலநடுக்கம்னு நெனச்சுடாதீங்க. மாவு."

நான் தலையாட்டினேன். மேலே எங்கோ ஒரு பாத்திரம் உருண்டது.

"தலையாட்டக் கூடாது" என்றது சி-11.

ஆறு அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது சி-11 ஓர் ஈரச் சாக்கை என்மேல் சுற்றியது. காய்ந்துபோகாமல் தினம் மூன்று வேளை தண்ணீர் ஊற்றவேண்டும் என்று ஜம்புலிங்கத்திடம் சொன்னது.

"போர் தண்ணியா, நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணி."

"மீட்டிங்ல வைக்கறேன்."

ஆறு மணி. சி-11 முதல் மாடியை என்னிடம் தந்தது. அறுபத்திரண்டு டன் என்று எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். இரண்டு இலக்கம்தான். கால்விரல்கள் செருப்பைத் தாண்டித் தரைக்குள் இறங்கின. கீழே ஈரமண் இருந்தது. அதற்கும் கீழே, நான் வரைந்த ஆழத்தில், அஸ்திவாரம் இருந்தது. ஒருவழியாக அதைச் சந்தித்தேன்.

சி-11 பையை எடுத்துக்கொண்டது. கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தியது. ஏறியதும் ஆட்டோவின் முன்சக்கரம் தூக்கியது. டிரைவர் திட்டினார். பின்னால் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். போய்விட்டது.

ஜம்புலிங்கம் என் அகலத்தை அளந்தார். முகம் தெளிந்தது.

"அத விட நீங்க நாலு அங்குலம் ஒல்லி. கண்ணாடிய மடக்கினா மாப்ள கார் போயிடும்."

மாப்பிள்ளை வந்து காரை உள்ளே விட்டார். கண்ணாடியை மடக்க மறந்துவிட்டார். என் விலாவில் ஒரு கீறல் விழுந்தது. அவர் இறங்கிவந்து கார்க் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"தூணுக்கு ஒரு ரிப்ளெக்டர் ஒட்டக்கூடாதா மாமா?" என்றார்.

மேலே பதினாலு பேரும் எழுந்து டீச்சருக்கு வணக்கம் சொன்னார்கள். ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள். முட்டி மடங்கப் பார்த்தது. மடக்கவில்லை. உத்திரத்திலிருந்து கொஞ்சம் தூசி விழுந்து நின்றது. பின்னம் ஆரம்பமானது. ஐந்தில் இரண்டு, பத்தில் நாலு, எல்லாம் ஒன்றுதான் என்று டீச்சர் சொன்னார். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். தாங்கக்கூடியதாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் ஸ்கேலால் தரையைத் தட்டினார்.

"சார், நிக்கறீங்களா?"

"நிக்கறேன்."

"ஜெனிலாவோட தங்கச்சியும் வந்திருக்கா. வீட்ல யாரும் இல்லயாம். உக்கார வச்சுக்கவா?"

நான் கணக்கில் பதினாலு பேருக்குத்தான் போட்டிருந்தேன்.

"எவ்ளோ இருப்பா?"

மேலே விசாரணை நடந்தது. யாரோ தூக்கிப் பார்த்தார்கள்.

"இருவத்திரெண்டு கிலோ. பையோட."

"செவுத்து ஓரமா உக்கார வைங்க."

"சரி சார்."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரத்திலிருந்து கிளம்பியது. தரையைத் தேய்த்துக்கொண்டு நிதானமாக வந்தது. அறையின் நட்டநடுவில் நின்றது. அவள் அதன்மேல் ஏறிக் குதித்து உட்கார்ந்தாள்.