வலென்சியாவில் மூன்று பேர்

எவாரிஸ்தோவைக் கட்டிக்கொண்டபோது அவனுடைய முதல் மனைவி அமாலியாவையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்பது எனக்குப் போகப்போகத்தான் புரிந்தது. அவள் செத்துப்போய் ஏழு வருடம் இருக்கும். நான் அவளைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் எங்கள் தெருவேல் ஊரில் நான் எங்கே போனாலும் எனக்கு முன்னாலேயே அவள் போய் நின்றுகொண்டிருந்தாள். பன்றித்தொடை வாங்கப் போனால், "அமாலியா கொழுப்போட சேர்த்துத்தான் வெட்டச் சொல்லுவாங்க" என்பான் கறிக்கடைக்காரன். மேல்மாடி உர்பானா அம்மாள் நான் வைத்த பூண்டு சூப்பை ஒரு தட்டு முழுக்கக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி சொல்வாள்: "நல்லாத்தான் இருக்கு பெனித்தா. அமாலியா வெச்சா அது வேற."

"அப்படியா" என்று சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

எனக்கு எவாரிஸ்தோவைப் போல முன்கதை எதுவும் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஐம்பத்து நான்கு வயதுவரை கல்யாணம் அமையவில்லை, நானும் தேடி அலையவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் எவாரிஸ்தோ ஒருநாள் உடைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்தான். பிறகு உடையாத கண்ணாடியோடு வந்தான். மூன்றாம் தடவை, "கண்ணாடி சரியாத்தான் இருக்கு, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றான். அடுத்த வருடமே அவன் வீட்டுக்குக் குடிபோனேன்.

மூன்று வருடமாக எங்கேயும் போகாமல் இருந்தவன், இந்த வசந்தத்தில் திடீரென்று, "வலென்சியாவுக்குப் போவோமா? நாலு நாள் சுத்திப் பார்த்துட்டு வரலாம்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலையோ கோயிலையோ நினைத்து அல்ல. அவ்வளவு பெரிய நகரத்தில் அமாலியாவைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்ற நினைப்புதான் எனக்கு இனித்தது.

ரயிலில் கேட்டேன், "நீ முன்னாடி போயிருக்கியா?"

"வேலை விஷயமா ஒரு தடவை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஹோட்டல். "ரெண்டாவது மாடி, மூலை ரூம், பால்கனி வெச்சது" என்று அவனே கேட்டு வாங்கினான். அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தான். கீழே ஆரஞ்சு விற்கிறவளின் குரல். நான் வரப்போகிறேன் என்று இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறானே என்று நினைத்தேன். அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் அந்த முத்தத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் காலையில் மார்க்கெட், அதன் எதிரே பட்டு வணிகர்களின் பழைய மண்டபம், பிறகு பேராலயத்து மணிக்கூண்டு. யாரிடமும் வழி கேட்காமல் நடந்தான். மணிக்கூண்டின் சுழல்படிகளில் எனக்கு முன்னால் ஏறியவன், "தலையைக் குனி, இங்க கல்லு இடிக்கும்" என்றான். பாதி உயரத்தில், சின்னச் சாளரம் ஒன்றின் அருகே நின்றுவிட்டான்.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல. வா, மேல போயிடுவோம். கண்டிப்பா மேல போகணும்."

உச்சியில் ஊர் முழுக்க ஓட்டுக்கூரைகளும் நீலக் குவிமாடங்களும் தெரிந்தன. அவன் கண்ணைத் துடைத்தான். காற்று என்றான். நம்பினேன்.

மாலையில் ஓர்ச்சாத்தா கடைக்குக் கூட்டிப்போனான். கோரைக்கிழங்குப் பாலுக்குப் பேர்போன பழைய கடை. சுவரெல்லாம் பூப்போட்ட ஓடுகள். காலியான மேஜைகள் பத்து இருக்க, மூலை மேஜை காலியாகும்வரை நின்று காத்திருந்து உட்கார்ந்தான். பரிமாறுகிற பெண் வந்ததும், "ரெண்டு ஓர்ச்சாத்தா, தொட்டுச் சாப்பிட இனிப்பு ரொட்டி. இவங்களுக்கு மட்டும் உறைஞ்சு, ஐஸ் துகளா இருக்கணும். அப்படித்தான் பிடிக்கும்" என்றான்.

கண்ணாடித் தம்ளர் வந்து என் முன்னால் உட்கார்ந்தது. வெளிப்பக்கம் முழுக்கப் பனி பூத்திருந்தது.

எனக்குப் பல் கூசும். ஐஸ் என்ற சொல்லைக் கேட்டாலே கூசும். கோடைக்காலத்திலும் குழாய்த் தண்ணீரைச் சற்று நேரம் வெளியே வைத்துத்தான் குடிப்பேன். மூன்று வருடமாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

"யாருக்கு இப்படிப் பிடிக்கும், எவாரிஸ்தோ?"

அவன் முகம் மிளகாய்ப் பழம் போல ஆயிற்று.

"அமாலியாவோட இங்க வந்திருக்கே."

"பெனி..."

"வந்தியா இல்லையா?"

"வந்தேன்."

"இதே கடை?"

"ம்."

"கோபுரம்?"

"ம்."

"ஹோட்டல்?" அவன் தம்ளரையே பார்த்தான். "வாயைத் திற. அதே ஹோட்டலா?"

"அதே ஹோட்டல்தான்."

"அந்த ரூம்?"

அவன் தம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எனக்கு அதுவே போதும். முந்தின இரவு நான் படுத்த பக்கம் எது, அவள் படுத்த பக்கம் எது என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வெளியே முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். எங்கே போகிற பஸ் என்று பார்க்கவில்லை. கதவு மூடப்போகிற நேரத்தில் எவாரிஸ்தோ மூச்சிரைக்க ஓடிவந்து தொற்றினான். பக்கத்தில் வர தைரியமில்லாமல், பின்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு எதிரே சக்கரம் வைத்த காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த கிழவி, என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரனா?"

"இன்னிவரைக்கும்" என்றேன்.

அவள் பஸ் முழுக்கக் கேட்கும்படி திரும்பிக் கத்தினாள்: "யோவ், மன்னிப்புக் கேட்டுத் தொலையேன்யா! அங்க நின்னு கம்பியைக் கொஞ்சினா ஆச்சா?"

"கேட்க விட மாட்டேங்கிறாம்மா" என்றான் அவன் பரிதாபமாக.

"அப்ப பெரிய தப்புத்தான்" என்று முடிவு செய்து, கிழவி தன் நிறுத்தத்தில் இறங்கிப் போனாள்.

பஸ் துறைமுகத்தை ஒட்டி நசரேத் என்கிற பேட்டையில் போய் நின்றது. அதற்கு மேல் வழி இல்லை. பார்க்க எதுவும் இல்லாத இடம். சரக்குப் பெட்டிகளின் மதில், ஓட்டு வீடுகள், பால்கனியில் காயும் துணி, நடைபாதையில் நாற்காலி போட்டுச் சீட்டாடும் ஆட்கள். எனக்கு முதலில் தோன்றியது, இங்கே அவள் வந்திருக்க மாட்டாள் என்பதுதான். மூலையிலிருந்த சாராயக்கடையின் வெளி மேஜையில் உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான். தோளில் துண்டு போட்ட கடைக்காரன் கேட்காமலே பீரும் கணவாய் வறுவலும் கொண்டுவந்து வைத்தான்.

"இப்ப சொல்லு" என்றேன். "ஒண்ணு விடாம சொல்லு. கோபுரத்து உச்சியில நின்னு அவ என்ன சொன்னா?"

"உச்சிக்குப் போகல. பாதியில இறங்கிட்டோம்."

"ஏன்?"

"சண்டை."

அப்புறம் சொன்னான். அமாலியாவுக்குத் தெருவேல் குளிர் ஒத்துக்கொள்ளவே இல்லையாம். அவளுடைய அண்ணன் வலென்சியாவில் இவனுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறான். ஊரைக் காட்டி மயக்கிவிடலாம் என்று அவள் அழைத்து வந்திருக்கிறாள். இவனோ கிளம்பும்போதே முடியாது என்று தீர்மானித்துவிட்டான். மார்க்கெட்டில் சண்டை, மண்டபத்தில் சண்டை. கோபுரத்தின் பாதிப் படியில், அந்தச் சாளரத்தருகே, "யோசிச்சாவது பாரேன்" என்று அவள் கையைப் பிடித்திருக்கிறாள். உதறிவிட்டு இறங்கிவிட்டான். ஓர்ச்சாத்தா கடையில் அவள் மறுபடி வாயைத் திறந்தாள். நிறைந்த தம்ளரோடு அவளை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்துத் தனியாக ஊருக்குத் திரும்பிவிட்டான்.

"அவ மறுநாள் வந்தா. ஒரு வார்த்தை கேட்கல, பெனி. திட்டல. அதுக்கப்புறம் வலென்சியான்னு ஒரு ஊரு இருக்கிறதையே அவ பேசல. சாகுற வரைக்கும். ஒரு தடவையாவது, சண்டை போடாம, இந்த ஊரை ஒழுங்கா முழுசா சுத்திக் காட்டணும்னு..."

"யாருக்கு?"

அவன் கணவாய்த் துண்டு ஒன்றைத் தட்டில் நகர்த்தினான்.

"யாருக்குச் சுத்திக் காட்டணும்? நான் யாரு? அவ உட்கார்ந்த நாற்காலி காலியா இருக்குன்னு பிடிச்சு உட்கார வெச்ச ஆளா?"

"அப்படி இல்ல."

"அப்படித்தான். அந்த ஐஸ்கூட அவளுக்குத்தான். என் வாயில ஊத்தி அவளுக்குக் கொடுக்கப் பார்த்தே."

இதைக் கேட்டதும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு கணம் வரவும் செய்தது. பாவம், அந்தப் பெண், ஆளில்லாத மேஜையில். ஆனால் அந்தக் கணம் போனதும் உள்ளே கிடந்த வேறொன்று தலையைத் தூக்கியது. ஒரு பெண்ணை நடுக்கடையில் விட்டுவிட்டு ஊரைத் தாண்டிப் போகிற அளவுக்கு இவனுக்குக் கோபம் வந்திருக்கிறது. கையை உதறியிருக்கிறான். கத்தியிருக்கிறான். என்னிடம்? "பெனி, உப்பை எடுக்கிறியா?" "பெனி, ஜன்னலைச் சாத்தட்டுமா?" வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. இத்தனை நாளில் இவன் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. நான் அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னோட ஏன் நீ சண்டையே போட்டதில்ல?" என்று கேட்டேன்.

"என்னது?"

"அவளோட போட்டியே. அவ மேல மட்டும் அவ்வளவு கோபம், என் மேல ஒண்ணுமில்லையா? என்கிட்ட உனக்குப் பிடிக்காததே எதுவும் இல்லையா?"

"எல்லாம் பிடிச்சிருக்கு."

"பொய். ஒண்ணு சொல்லு."

"ஒண்ணுமில்ல, பெனி."

"கல்லுக்கிட்டகூட ஏதாவது குறை இருக்கும்டா! சொல்லு!"

"அந்தக் கறுப்புச் சட்டி!" என்று மேஜையைத் தட்டினான். பீர் தளும்பியது. "நீதான் அதைக் கொண்டுபோய் நிலவறையில போட்டே. பார்த்தேன். அவ சட்டின்னுதானே? அதுல வெச்சாத்தான் பயறு பயறா வேகும். மூணு வருஷமா நான் கஞ்சி குடிக்கிறேன்!"

"கஞ்சியா? தட்டை வழிச்சு வழிச்சுத் தின்னே!"

"தின்னேன்! வேற என்ன செய்ய? அப்புறம் அந்த ரேடியோ. ரேடியோ போடாம உனக்குத் தூக்கம் வராது. போட்டா எனக்கு வராது. வானிலை அறிக்கையெல்லாம் எனக்கு மனப்பாடம்! மாட்டு விலையெல்லாம் மனப்பாடம்!"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே!"

"சொன்னா நீ போயிடுவே!" அவன் எழுந்தே நின்றுவிட்டான். சீட்டாடியவர்கள் சீட்டைக் கையிலேயே பிடித்தபடி பார்த்தார்கள். "ஒருத்திகிட்ட சண்டை போட்டு என்ன ஆச்சுன்னு பார்த்துட்டேன். வீட்டுலயே இருந்தா, ஆனா போயிட்டா. நீயும் அப்படி ஆயிட்டா நான் என்ன செய்வேன்?"

கடைக்காரன் உள்ளிருந்து தலையை நீட்டினான். "முடிஞ்சதும் ஒரு சத்தம் கொடுங்க. அடுத்த தட்டு சூடா இருக்கு."

"இன்னும் முடியல" என்றேன் நான். "கொண்டு வாங்க, சாப்பிட்டுக்கிட்டே போடறோம்."

உண்மையாகவே போட்டோம். நன்றாக இருட்டும்வரை. நான் அவனுடைய மச்சினிச்சி வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன், அங்கே அமாலியாவின் படத்துக்கு நேர் எதிரே என்னை உட்கார வைப்பதைப் பற்றி. அவன் என் கடை முதலாளியைப் பற்றிச் சொன்னான். அந்த வழுக்கைத் தலையன் போனில் கூப்பிட்டால் நான் குரலை மாற்றிப் பேசுகிறேனாம். அவனுக்கும் வயிறு எரிந்திருக்கிறது! எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் அறையை மாற்றிக் கேட்டேன். பின்பக்கம், கட்டடத்து நடுவில் காற்றுக்காக விட்ட இடுக்கைப் பார்த்த ஒரு பொந்துதான் மிச்சம் இருந்தது. கீழே சமையலறையிலிருந்து மீன் பொரிக்கும் வாடை. எவாரிஸ்தோ உள்ளே நுழைந்ததும், "இதுல மனுஷன் படுப்பானா?" என்றான். "படுப்பான்" என்றேன்.

அடுத்த நாள் வழியை நான் எடுத்துக்கொண்டேன். ஊருக்குத் தெற்கே ஏரிக்குப் போனோம். நாணல்களுக்கு நடுவே படகுகள் கட்டிக் கிடந்தன. கறுத்து மெலிந்த படகுக்காரன், நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே கேட்டான்: "இங்க முதல் தடவையா?"

"முதல் தடவை" என்றேன்.

"முதல் தடவை" என்றான் எவாரிஸ்தோ.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நன்றாக, வெட்கமில்லாமல், நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தேன்.

"சத்தியமாத்தான்" என்றான். "அவளுக்குத் தண்ணின்னா பயம்."

"அதையும் சொல்லணுமா இப்ப?"

"நீதானே ஒண்ணு விடாம சொல்லச் சொன்னே?"

படகுக்காரன் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வெயில் தாழ்ந்து நெல் வயல்களுக்கு அப்பால் இறங்கியது. தண்ணீர் செம்பு நிறமாயிற்று. எனக்கு அழகாகத்தான் இருந்தது, ஆனால் கொசு பிடுங்கியது. எவாரிஸ்தோ கணுக்காலைச் சொறிந்துகொண்டு, இந்த நேரத்தில் ஏரிக்கு வருவது யார் மூளை என்று முணுமுணுத்தான். என் மூளைதான், பிடிக்கவில்லை என்றால் நீந்திப் போ என்றேன். கரை வரும்வரை இரண்டு பேரும் வாய் ஓயவில்லை.