பூஞ்சணம் தின்ற முகம்

பூஞ்சணத்துக்குக்கூட அக்காவின் முகம்தான் வேண்டியிருந்ததா? படத்தைச் சுற்றிக்கட்டிய துணியை அவிழ்க்கும்போது நேசத்தின் மனதில் ஓடியது இதுதான். வாய்விட்டுச் சொல்லக்கூடிய நினைப்பில்லை.

வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில், படத்தை மடியில் சாய்த்துப் பிடித்தபடி கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்தாள். மாதா சொரூபங்களுக்கும் கோயில் வாகனங்களுக்கும் வர்ணம் பூசுகிற கிருஷ்ணராஜ் படத்தைச் சுவரில் சாய்த்தான். எழுபத்தொன்பதாம் ஆண்டு எண்ணெய் வர்ணத்தில் கீறிய கலியாணப் படம். கோட்டுப் போட்டு நிற்கிற மாப்பிள்ளை வின்சன்றுக்கு ஒரு சேதமும் இல்லை. கதிரையில் இருக்கிற அக்கா ஜெயராணிக்கு நெற்றியும் நாடியும் மட்டுமே மிச்சம்.

மெல்பேர்னில் இருக்கும் அக்காவின் மகள் ஷெரோமி இதைப் பார்த்து இன்னொன்று கீறுவித்து அனுப்பச் சொல்லியிருந்தாள். தாய் சாகும்போது அவளுக்கு இரண்டு வயது. அடுத்த வருடக் கலவரத்தில் வீட்டோடு ஆல்பங்களும் எரிந்தன. கண்ணாடி மாற்றக் கொடுத்த கடையில் கிடந்ததால் இந்தப் படம் தப்பியது. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமென்று பெரியவர்கள் பேசி, நேசத்தை அத்தானுக்கே கட்டிவைத்தார்கள். காலைப் பூசைக்குப் பிறகு, கூறைச் சேலை இல்லாமல், நாலு பேர் முன்னால். துக்க வீடென்று படம் எடுக்கவில்லை. பிறகு எடுக்கலாம் என்றார் வின்சன்ற். முப்பத்தெட்டு வருடம் நல்லபடியாகத்தான் வைத்திருந்தார். நினைவு தடுமாறிய கடைசி மாதங்களில் அவர் "ஜெயம்" என்று கூப்பிட்டபோதெல்லாம், "ஓம்" என்றபடி தண்ணீர் கொண்டுபோனவள் நேசம்.

கிருஷ்ணராஜ் பஞ்சால் ஒற்றிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அன்ரி, சகோதரம்தானே? அந்த ஸ்டூல்ல அரை மணித்தியாலம் இருந்தாக் காணும், உங்கட முகத்தைப் பாத்தே அக்காவைக் கீறிடுவன். வயசை நான் குறைச்சிடுவன். ஒரு அந்தோனியாருக்கு என்ர மச்சான்ர மூக்கை வச்சனான், ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல."

கேட்காமலே ஷெரோமிக்கும் வட்ஸ்அப்பில் சொல்லிவிட்டான். உடனே அழைப்பு வந்தது.

"சின்னம்மா, ஒருக்கா இருங்கோவன். அம்மாவை யோசிச்சா எனக்கு உங்கட முகம்தானே வருது."

நேசம் ஸ்டூலில் போய் இருந்தாள். அவன் யன்னலைத் திறந்து வெளிச்சம் பார்த்தான். கடைசியில் அவருக்குப் பக்கத்தில் ஒரு படம். அதை நினைக்க நெஞ்சு ஒருமுறை ஆசைப்பட்டதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை. ஆனால் அதன் கீழே பேர் ஜெயராணி என்றிருக்கும். பேரப்பிள்ளைகள் அப்படியே படித்து வளருவார்கள். அக்காவுக்கு இவளைப்போல் இல்லை, இடது கண் கொஞ்சம் சிறிது. சிரித்தால் மூடியே போகும். அதை அறிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் இவள் ஒருத்திதான். இந்த முகத்தை அங்கே வைத்தால் அந்தக் கண்ணும் போய்விடும், இவளும் போய்விடுவாள்.

எழுந்தாள்.

"வேண்டாம் தம்பி. அழிஞ்ச இடத்தை அழிஞ்சபடியே கீறுங்கோ."

"பிள்ளை கவலைப்படும் அன்ரி."

"படட்டும். என்ர முகத்தை வைக்கவேண்டாம்," என்றாள் நேசம், மெதுவாக.