இரண்டு ரிங்

பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்ததும் நாகலெட்சுமி குடியிருக்கும் லயத்துக்கு இறங்காமல் கூடையோடு மலை உச்சிக்கு ஏறினாள். வட்டகொடைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடைப்பது உச்சிப் பாறையில் மட்டும்தான். கவ்வாத்து வெட்டிய கையோடு புருசன் சிவசாமி முன்பே வந்து, போனைப் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

கொழும்பில் வீட்டு வேலை செய்யும் மகள் ரஜனிக்குப் போனில் பேசக் காசில்லை. ஒரு ரிங் விட்டு வெட்டினால் சுகம். இரண்டு ரிங் என்றால் இங்கிருந்து உடனே கூப்பிட வேண்டும்.

"போன தடவ இஸ்திரிப்பெட்டி சுட்டுருச்சுன்னு சொன்னா. சுட்டுச்சா, சுட்டாங்களான்னு கேக்கணுங்க" என்றாள் நாகலெட்சுமி.

சிவசாமி "ம்" என்றான்.

ஹட்டன் டவுனில் புக்கி என்கிற பந்தயக் கடையில் குதிரைக்குக் காசு கட்டிய ஆள் அவன். சீமையில் குதிரை நொண்டினால் லயத்தில் அடுப்பு நொண்டும். ஆனாலும் அங்கே நாலு பேர் பார்ப்பார்கள். டிக்கட் எழுதும் யாழ்ப்பாணத்துச் சிவபாதம், "காணும் சிவசாமி, பஸ்ஸுக்குக் காசை வைச்சுக்கொண்டு போ" என்று பேனாவை மூடிவிடுவார். நாகலெட்சுமி ஒருநாள் வாசலில் வந்து நின்றதற்கே அவன் மாதக்கணக்கில் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

போனில் பேனாவும் இல்லை, வாசலும் இல்லை. மெசேஜில் கேள்வி வரும். ஒன்றா இரண்டா என்று அனுப்பினால் மோட்டார் சைக்கிள் குலுக்கலில் பேர் சேரும். பதில் ஒவ்வொன்றுக்கும் போனில் உள்ள காசு கழியும், உடனே அடுத்த கேள்வி வரும். இங்கிலீஷ் புரியாததால் எல்லாவற்றுக்கும் ஒன்றையே அமுக்கினான். கட்டைவிரலுக்கு அதுதான் கிட்ட.

"அவரு இப்ப ஹட்டன் பக்கமே போறதில்ல" என்று நாகலெட்சுமி லயம் முழுக்கச் சொல்லியிருந்தாள். அந்தப் பெருமையில்தான் நேற்று போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் கார்டும் வாங்கிக் கொடுத்தாள்.

போன் அடித்தது. இரண்டாவது ரிங்கில் நின்றது.

"கூப்புடுங்க."

அமுக்கினான். ஒரு பெண்குரல் இங்கிலீஷில் பேசியது. போனில் காசு தீர்ந்துவிட்டதென்று அது சொல்வது காலையில் இதே பாறையில் கேள்விக்கு ஒன்றை அமுக்கியே தீர்த்த அவனுக்குத் தெரியும்.

"யாருங்க, புள்ள வேல செய்யுற வீட்டு நோனாவா?"

அவன் பாறையிடுக்கில் ஒரு புல்லைப் பிடுங்கினான். "ஆமா."

"இப்புடிக் குடுங்க." கூடையை இறக்கினாள். தலைத்துணியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் போனை வாங்கினாள். "நோனா, நாந்தான் ரஜனி அம்மா. புள்ள ஏதும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுருங்க. ஒரு வார்த்த பேச விடுங்க நோனா."

குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெரிய இடத்துப் பேச்சில் குறுக்கிடக் கூடாதென்று, "சரிங்க... சரிங்க..." என்று நாகலெட்சுமி தலையாட்டிக்கொண்டே நின்றாள்.