சலவைக்கடைத் தண்ணீருக்கு மருந்து

அந்தச் சலவைக்கடையில் அழுக்கைவிடப் பெரிய எதிரி தண்ணீர்தான். வாயில் வைக்க முடியாத உப்பு. ஹீட்டருக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கம்பியையே தீர்த்துக்கட்டிவிடும். கம்பி மாற்றி மாற்றியே கடைக்காரம்மாவின் கொழுந்தனாருக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

கடைக்காரம்மாவுக்கு வேதியியல் படித்த மருமகள் வந்தாள். வந்ததும் தொட்டிமேல் ஒரு சின்ன பம்பைப் பொருத்தினாள். அதிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். உப்பு எதிலும் ஒட்டாமல் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும்.

“தண்ணிக்கே வைத்தியமா? நடக்கட்டும்” என்றார் கொழுந்தனார். “ஆனா ஒண்ணு. ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா நீ துணி மடிக்கப் போயிடணும். மிஷின் ரூம் பக்கம் எட்டிக்கூடப் பாக்கக் கூடாது.”

துணி மடிப்பதென்றால் அவளுக்கு வேப்பங்காய். இருந்தும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டாள். மாமியார் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. தன்னைக் கண்டாலே அத்தைக்கு ஆகாது என்று மருமகள் எப்போதோ முடிவுகட்டியிருந்தாள்.

சில வாரங்களிலேயே வந்தது வினை. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்த ஒரு காலையில், சுடுதண்ணீர் நூலாகத் தேய்ந்து நின்றே போனது. வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகள். ஹீட்டரில் ஒட்டியிருந்த பழைய படிவெல்லாம் பெயர்ந்து வந்து அடைத்திருந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல!” கொழுந்தனாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவளுக்கு அழுகை முட்டியது. அவள் வைத்த அளவு புதிதாகப் படிவதைத் தடுக்குமே தவிர, பழையதை இப்படி உரிக்காது. எங்கோ கணக்கில் கோட்டை விட்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

“தப்பு என்னோடதுதான் மாமா. பம்பைக் கழட்டிடறேன்” என்று ஸ்பேனரை எடுத்தாள்.

“அதைக் கீழ வை.”

வாசலில் மாமியார் நின்றாள். முகத்தில் திருட்டு முழி.

“தினம் காலையில தொட்டியில ஒரு கப் மருந்து நான்தான் ஊத்தினேன்.”

“எதுக்கு அத்தை?”

“கறை போகலன்னா ஒரு கப் சோப்பு கூடப் போடுவோம்ல? இதுவும் அப்படித்தானேன்னு...”

தொழில் புத்தி எங்கே போகும்! மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கொழுந்தனார் ஒரு சில்லை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“எத்தனை வருஷப் படிவு, சுத்தியால அடிச்சும் வராதது. இதையே உரிச்சிருக்குன்னா மருந்து மருந்துதான். நீயே பாத்துக்கோம்மா, மிஷின் ரூம் உன்னோடது. அண்ணியை மட்டும் உள்ள விட்டுடாத!”

சொல்லிவிட்டு வடிகட்டியைக் கழுவக் குந்தினார். மருமகள் மாமியாரின் பக்கத்தில் போய் நின்றாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையே அத்தை. எனக்காகவா ஊத்தினீங்க?”

மாமியார் சில்லுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பேசத்தான் எனக்கு வராது. நீ தோத்துடக் கூடாதுன்னு இருந்துச்சு. அதான் ஊத்தினேன்.”