ரத்தத்தில் இல்லாதது

வள்ளிநாயகிக்கு முட்டி வலி வந்தபோது வயது நாற்பத்தாறு. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் நாள் முழுக்க மாடி ஏறி இறங்கிப் பாடம் நடத்துகிற ஆசிரியைக்கு அது சின்ன விஷயமல்ல. கிளினிக்கில் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதே தவிர வலியைத் தொடவில்லை. 1987இன் தொடக்கத்தில் ஒரு நாள், அவள் கணவர் தியாகராஜாவின் அக்கா கமலாம்பிகை ஒரு பிளாஸ்டிக் பையில் கறுப்பு உருண்டைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அக்கரையில, சுங்கை பாக்காப்புல பழனியப்பன்னு ஒருத்தர் கடையில விக்கிறாரு. சுத்த மூலிகை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடு. என்னையே பாரேன், ஃபெரியில ஏறி இறங்கி எப்படிப் போய் வர்றேன்!"

போட்டாள். ஒரு வாரத்துக்குள் வலி போன இடம் தெரியவில்லை. வலி மட்டுமா? வருஷக்கணக்கில் இல்லாத ஒரு தெம்பு வந்தது. விடியுமுன் எழுந்து வீடு துடைத்தாள், பள்ளியில் நாடகம் போட்டாள், சமைத்துக்கொண்டே பாடினாள். "இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்குங்க," என்றாள் கணவரிடம். துறைமுக அலுவலகத்துக் கணக்கரான தியாகராஜாவுக்கும் சந்தோஷம்தான். உருண்டை தீரத் தீர அவரே போய் வாங்கி வந்தார்.

சில மாதங்களில் முகம் உருண்டது. கையும் காலும் மெலிய, வயிறு மட்டும் முன்னால் வந்தது. எங்கே லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் நீலம் பாய்ந்தது. அதைவிட மோசம் மனது. தூக்கம் போயிற்று. காரணமில்லாமல் அழுதாள். ஒரு நாள் சின்னத் தப்புக்கு ஒரு மாணவியின் நோட்டைக் கிழித்தெறிந்தாள். தலைமையாசிரியை கூப்பிட்டு, "கொஞ்ச நாள் லீவு எடுங்களேன்," என்றார். அந்தக் கனிவுதான் வள்ளிக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு டாக்டர் மாற்றி டாக்டர். ஒருவர் மாதவிடாய் நிற்கிற வயசு என்றார். ஒருவர் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் அவளைப் பார்க்காமல் தியாகராஜாவைப் பார்த்து, "வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

முதன்முதலாக அவளை முழுசாகப் பார்த்தவர் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ரோஹானா. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். நீலத் திட்டுகளையும் வயிற்றிலிருந்த சிவந்த கோடுகளையும் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், நம்ம உடம்புல கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் இருக்கு. கவலை, பயம், காய்ச்சல், எது வந்தாலும் அதுதான் நம்மளத் தாங்கிப் பிடிக்கும். அளவுக்கு மேல சுரந்தா உடம்பையும் கெடுக்கும், மனசையும் கெடுக்கும். உங்களுக்கு அதுதான்னு நினைக்கிறேன். ரத்தம் எடுத்துப் பார்ப்போம். வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"தூக்க மாத்திரை மட்டும்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. உருண்டையை அவள் மருந்தென்றே நினைத்ததில்லை.

காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். அது கோலாலம்பூர் போய்ச் சேதி வர வாரக்கணக்காயிற்று. அந்த நாட்களில் வள்ளி ஏறக்குறைய நிம்மதியாக இருந்தாள். தன் அழுகைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை அளக்க முடியும். அது தன் குணக்கேடு அல்ல. கணவரிடமும் பெருமையாகவே சொல்லி வைத்திருந்தாள்.

முடிவு வந்த அன்று ரோஹானாவோடு அவருடைய மேலதிகாரியும் இருந்தார். ரோஹானாவின் முகம் சரியாக இல்லை.

"கூடுதலா இல்லை, டீச்சர். இருக்க வேண்டியதுகூட இல்லை. ரொம்பக் கம்மி. ஏன்னு எனக்கே புரியலை."

மேலதிகாரி இங்கிலீஷில் முடித்துவிட்டார். கூடுதல் இல்லையென்றால் அந்த நோய் இல்லை. மனநலப் பிரிவுக்கு எழுதலாம்.

வெளியே வராந்தாவில் வள்ளி கத்தினாள். "மனசுன்னா மனசுன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! எதுக்கு ரத்தம் எடுத்தாங்க? எதுக்கு ஆசை காட்டினாங்க?" தியாகராஜா, "மெதுவா பேசு, எல்லாரும் பார்க்கிறாங்க," என்றார். பார்க்கட்டும் என்று அவள் இன்னும் உரக்கக் கத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் தூக்க மாத்திரையைக் குப்பையில் கொட்டினாள். அதே வேகத்தில் கறுப்பு உருண்டைப் பையையும் தூக்கி அலமாரிக்குப் பின்னால் எறிந்தாள். எதையும் விழுங்கப்போவதில்லை. எது என்னவானாலும் ஆகட்டும்.

ஒரு வாரம் ஆகவில்லை. முட்டி வலி திரும்பியது, வாந்தி எடுத்தது, எழுந்தால் தலை சுற்றியது. ஆத்திரத்தோடேயே பள்ளிக்குப் போனாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள்.

கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரோஹானா நின்றார்.

"டீச்சர், இப்ப வேற மாதிரி கேட்கிறேன். கடையில வாங்கினது, யாராவது குடுத்தது, மூலிகை, லேகியம், எதுவா இருந்தாலும் சரி. வாய்க்குள்ள என்ன போச்சு?"

தியாகராஜாதான் பதில் சொன்னார். அன்று சாயங்காலமே அலமாரியை நகர்த்தி அந்தப் பையை எடுத்து வந்தார். சோதனைக்கு அனுப்பினார்கள். மூலிகைதான். ஆனால் அதோடு ஸ்டீராய்ட் கலந்திருந்தது.

"கார்ட்டிசால் செய்யிற வேலையை அதைவிடப் பல மடங்கு வீரியமாச் செய்யிற சரக்கு இது," என்றார் ரோஹானா. "அதான் அவ்வளவு தெம்பு, அவ்வளவு சந்தோஷம். அப்புறம் அவ்வளவு அழுகை. வெளியிலேருந்து வந்துக்கிட்டே இருந்ததால உங்க சொந்தச் சுரப்பி தூங்கிடுச்சு. நாங்க அளந்தது உங்க உடம்பு சுரந்ததை மட்டும். இது அந்தச் சோதனையில தெரியாது. அன்னைக்கே நான் சரியாக் கேட்டிருக்கணும்."

"சரி, இனிமே தொடமாட்டேன்."

"அங்கதான் சூசா, சிக்கலே அதுதான். சட்டுனு நிறுத்தினதாலதான் விழுந்தீங்க. ஆஸ்பத்திரி மாத்திரையா அதையே குடுத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். ஒரு வருஷம் ஆகலாம்."

விஷம் என்று சொல்லிவிட்டு அதையே வேளாவேளைக்கு விழுங்கச் சொல்கிறார்கள். வள்ளி சிரித்தாள். பிறகு அழுதாள்.

நடமாட முடிந்ததும் அவள் கமலாம்பிகையிடம்தான் போனாள். அவருடைய முகமும் உருண்டிருந்ததை இப்போதுதான் கவனித்தாள். ஆனால் பாதி சொல்வதற்குள், "அப்போ நான் உனக்கு விஷம் குடுத்தேன்னு சொல்றியா?" என்று கமலாம்பிகை எழுந்துவிட்டார். "நானும் சாப்பிடுறேன். நல்லாத்தான் இருக்கேன். உன் தலைக் கோளாறுக்கு என் மேல பழி போடாத."

அந்தச் சனிக்கிழமை ஃபெரி ஏறி, பஸ் பிடித்து, சுங்கை பாக்காப்புக்குப் போனாள். பழனியப்பன் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "அலோர் ஸ்டாரிலேருந்து ஒரு ஆள் கொண்டாந்து போடுறான், டீச்சர். எனக்கு என்ன தெரியும்? யாரும் குறை சொன்னதில்லையே," என்றார். கடையில் உருண்டை வாங்க ரப்பர் எஸ்டேட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். வள்ளி அவர்கள் பக்கம் திரும்பினாள். 'தூக்கி எறியுங்கள்' என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். கரும்பலகை முன்னால் சரிந்தது நினைவுக்கு வந்து நாக்கு நின்றுவிட்டது. எறிந்தால் இவர்களும் விழுவார்கள்.

"இதுல கெட்டது கலந்திருக்கு," என்றாள். "ஆனா திடீர்னு நிறுத்திடாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி..."

"கெட்டதுங்கிறீங்க, நிறுத்தாதீங்கங்கிறீங்க," என்று ஒருத்தி சிரித்தாள். நல்லமுத்து என்று மற்றவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். "எது டீச்சர் நெசம்? இது இல்லாட்டி காலையில என்னால ரப்பர் மரத்துல பால் வெட்டப் போக முடியாது. நீங்களா வந்து வெட்டுவீங்க?"

வள்ளி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன் பேச்சைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

ரோஹானா புகார் எழுதினார். அதிகாரிகள் வந்து உருண்டைகளை அள்ளிப் போனார்கள். கொஞ்ச நாளில் அதே சரக்கு சிவப்பு உறையில் வேறு கடையில் கிடைப்பதாகச் சேதி வந்தது.

பல மாதம் கழித்து எடுத்த சோதனையில் வள்ளியின் காலைக் கார்ட்டிசால் கொஞ்சம் ஏறியிருந்தது. ரோஹானா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"ஏறிடுச்சில்ல? அப்புறம் ஏன் எனக்கு எதுவும் பிடிக்க மாட்டேங்குது? ஏன் காலையில எழுந்திருக்கவே மனசில்லை?"

"சோதனை எண்ணும் மனசும் ஒண்ணாவே ஏறும்னு சொல்ல முடியாது, டீச்சர். சுரப்பி எவ்வளவு சுரக்குதுன்னுதான் எனக்குத் தெரியும். நீங்க எப்படி இருக்கீங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

"ஒரு வருஷமா அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்!" ரோஹானா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு வள்ளி வாரந்தோறும் கமலாம்பிகையின் வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே நின்று ஒரே பேச்சைப் பேசினாள். "நிறுத்தாதீங்க மச்சாள். என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க, அது போதும்." உள்ளே டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். முட்டி வலியோடு படியிறங்கிப் போவாள். அடுத்த வாரம் திரும்ப வருவாள்.

ஒரு நாள் குழாயடியில் வழுக்கி விழுந்ததில் கமலாம்பிகையின் மணிக்கட்டு முறிந்தது. லேசாகத்தான் விழுந்தார், ஆனால் உருண்டையிலிருந்த ஸ்டீராய்ட் எலும்பை அந்த அளவுக்கு அரித்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு அவர் ரோஹானாவின் அறை வாசலுக்கு வந்தார். அங்கே தன் சோதனைக்காகக் காத்திருந்த வள்ளியின் பக்கத்தில் இடம் இருந்தும், தள்ளிப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனார். போகும்போது வள்ளியின் பக்கம் திரும்பவே இல்லை.