மகாராணிக்கு மூச்சு முட்டியது

ஓட்டையைக் கண்டால் டெய்லருக்குக் கை சும்மா இருக்காது. தன் பனியனில் இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டு ஜன்னல் திரையில் இருந்தாலும் சரி, காலரில் குத்தி வைத்திருக்கும் ஊசியை உருவிவிடுவார். அந்தக் கைவேலையால்தான் அன்று காலை அவர் மனைவியின் பிழைப்பு நடுரோட்டில் நின்றது.

மனைவியை எல்லோரும் வண்டிக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணி ஆலைப் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் பழைய டீசல் வேன் அவளுடையது. அதற்கு மகாராணி என்று பெயர். அந்தப் பெண்கள் கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் வேறு வண்டி வந்தால் அவர்களே ஏற மாட்டார்கள். ஆலை மேனேஜருக்கோ புது வேன் மேல் கண். "இந்த வாரம் ஒரு நாள் சைரனுக்கு அப்புறம் வந்தாலும் உங்க வண்டி வேண்டாம்மா" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வாரம் முழுக்க மகாராணி மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். இன்று கடைசி நாள்.

அந்தக் கடைசி நாளுக்காக டெய்லர் முந்தின நாள் கடையைப் பூட்டிவிட்டு மகாராணிக்குச் சிங்காரம் செய்திருந்தார். பெண்கள் புகழ்வதைக் காது குளிரக் கேட்க வேண்டுமே, காலையில் தானும் ஏறிக்கொண்டார்.

"என்ன டெய்லரண்ணே, மகாராணிக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்றாள் ஒருத்தி. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

பாலத்தை இறங்கியதும் வண்டி இரண்டு தடவை திக்கியது. அப்புறம் நின்றேவிட்டது.

முன் சீட்டில் இருந்த சூப்பர்வைசரம்மா போனைக் கையில் எடுத்தாள். "ஆலை வண்டிய வரச் சொல்லிடட்டுமா?"

அந்த வண்டி வந்தால் கதை முடிந்தது. "கொஞ்சம் பொறுங்கம்மா, பாத்துடறேன்" என்றாள் அக்கா. சூப்பர்வைசரம்மா போனை உள்ளே வைக்கவில்லை.

அக்கா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் விறுவிறுவென்று சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. பேட்டரி மேல் குற்றமில்லை. "பின்னால போய்ப் புகை வருதான்னு பாருங்க" என்று கணவரை விரட்டினாள்.

"துளிகூட இல்ல!" என்று கத்தினார் டெய்லர், ஏதோ நல்ல சேதி போல.

புகை இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. டீசல் முள்ளோ பாதி டேங்க் காட்டியது. அக்கா சீட்டைத் தூக்கி, பில்டர் மேலிருந்த கைப்பம்பை அமுக்கினாள். அமுங்கிய பித்தான் மேலே எழும்பவே இல்லை. குழாய் எங்காவது விட்டிருந்தால் காற்று புகுந்து அது லொடலொடவென்று ஆடியிருக்கும். இது உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. பழைய வண்டி ஒரே ராத்திரியில் புதிதாக ஒரு குணத்தைக் கற்றுக்கொள்ளாது, யாராவது கற்றுக்கொடுத்தால்தான் உண்டு. அக்கா மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"நேத்து என்னென்ன செஞ்சீங்க?"

"எதை விட்டேன்? பாலிஷ் போட்டேன். சீட்டுக் கிழிசல் தைச்சேன். டேங்க் மூடியில ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை, பசை வெச்சு அடைச்சேன். எங்க இருந்துச்சுன்னு உன்னாலயே கண்டுபிடிக்க முடியாது!"

அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனி வரை வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திருகினாள். அசையவில்லை. துணியைச் சுற்றி மறுபடி திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்த சத்தம் முன் சீட்டு வரை கேட்டது.

"அது ஓட்டை இல்லைங்க, வண்டிக்கு மூக்கு. டீசல் குறையக் குறைய அந்த வழியாத்தான் காத்து உள்ள போகணும். மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா எவ ஓடுவா? அந்த ஊசியைக் குடுங்க."

டெய்லர் காலரிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்தார். அக்கா பசையைக் குத்திச் சுரண்டி, மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, பூட்டினாள். பில்டர் திருகைத் தளர்த்திப் பம்பை அமுக்கினாள். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி இல்லாத டீசல் வந்தது. திருகை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். மகாராணி ஒரு தடவை இருமிவிட்டு உறுமினாள். பெண்கள் போட்ட கூச்சலில் எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கி நின்றுவிட்டார்.

"என்னதான் கோளாறு?" என்று கேட்டாள் சூப்பர்வைசரம்மா.

"ஒண்ணுமில்லம்மா, பழைய வண்டின்னா இப்படித்தான், அப்பப்ப அடைச்சுக்கும்." என்ன இருந்தாலும் கட்டியவரை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

டெய்லர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "வண்டி மேல எதுக்குப் பழி போடறே? கெடுத்தது நான். அந்த மேனேஜர்கிட்டயே சொல்றேன். மெக்கானிக் கிடையாது, தள்ள ஆள் கிடையாது, நடுரோட்டுல ஒரே ஒரு ஊசிய வெச்சு வண்டிய எடுத்தா என் பொண்டாட்டி! புது வேன்காரன் எடுப்பானா, கேட்டுச் சொல்லுங்கம்மா!"

இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சொல்லி அக்கா கேட்டதில்லை. "உக்காருங்க, விழுந்து வைக்கப்போறீங்க" என்றாள், பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல்.

சூப்பர்வைசரம்மா போனைப் பைக்குள் போட்டாள். "நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்" என்றாள்.

ஆலை வாசலில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். சைரன் இன்னும் ஊதவில்லை. வாசலில் ஹாரன் அடிக்கிற வழக்கம் அக்காவுக்கு என்றுமே இல்லை. இன்று நீளமாக அடித்தாள்.