கூடிக்கொண்டே போன பதினெட்டு கிலோமீட்டர்

அண்ணனும் தம்பியும் ஒரு பழைய குட்டிக் காரை வாங்கி, பொழுதுபோக்காக ஓட்டுபவர்களுக்கான ராலிப் பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். பின்சீட்டைக் கழற்றி, கார் உருண்டாலும் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் கூண்டு பற்றவைத்தார்கள். இன்ஜினுக்கு அடியில் கல் படாமல் தகடு மாட்டினார்கள். யார் ஓட்டுவது, யார் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது என்பதில்தான் இழுபறி.

ஒருநாள் மீட்டரில் பதினெட்டு கிலோமீட்டர் கூடியிருந்ததைத் தம்பி பார்த்தான். மறுநாளும் அதே பதினெட்டு. அண்ணன் திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகுகிறான் என்று அவனுக்கு வயிறு எரிந்தது. அண்ணனும் இவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான். ஸ்பேனர் எங்கே என்பதைத் தவிர இருவருக்கும் பேச்சே நின்றுபோனது.

வியாழக்கிழமை தம்பி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து ஷெட்டுக்குப் பின்னால் ஒளியப் போனான். அங்கே ஏற்கெனவே அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"நீ இங்க என்னடா பண்ற?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அதற்குள் கார் உறுமியது. எட்டிப் பார்த்தால், ஹெல்மெட்டோடு அண்ணி! ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்து, தெருமுனையில் டயர் கிறீச்சிடத் திரும்பிப் பறந்தாள்.

அரைமணியில் திரும்பி வந்தவள், வாசலில் நின்ற இருவரையும் பார்த்து அசரவே இல்லை.

"நீங்க சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள ராலியே முடிஞ்சிடும். யாராவது ஓட்டிப் பழக வேணாமா? மூணாவது கியர் உரசுது, முதல்ல அதைப் பாருங்க."

அண்ணன் காருக்கு அடியில் படுத்தான். தம்பி டார்ச் பிடித்தான்.

ராலியில் அண்ணிதான் ஓட்டினாள். நாற்பது கார்களில் ஆறாவதாக வந்தாள்.